நெயில் ஆர்ட்: நகக்கலையா, நகக்கோலமா?

நெயில் ஆர்ட்டைத் தமிழில் சொல்கிறேன் என்று கிளம்பியவர்கள் அதை முதலில் ‘ஆணி கலை’ ஆக்கினார்கள். இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழ் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். கைவிரல் நகத்துக்கும் தச்சர் அடிக்கிற ஆணிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அதனால் வந்த வினை. கால்விரலுக்குப் போனால் இன்னும் மோசம். ‘கால் ஆணிக்கு இரண்டு கோட் பாலிஷ்’ என்று படிக்கிறவருக்கு உள்ளங்காலில் காய்த்துப்போய் நடக்கவிடாமல் குத்தும் கால் ஆணிதான் ஞாபகம் வரும்.

ஆணியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம், அது தானாகச் செத்துவிடும். ‘நகக்கலை’ அப்படியில்லை. படித்தவர்களே எழுதுகிறார்கள், பத்திரிகைத் தலைப்பிலும் வருகிறது, கேட்கவும் நல்ல தமிழ்போல இருக்கிறது. அதனால்தான் அதோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

முதலில் வேர்ச்சொல் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். நகம் வடமொழியின் ‘நக’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதுவும் ஆங்கில நெயிலும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. பழந்தமிழில் இதற்கு உகிர் என்று பெயர். சங்கப் பாட்டில் புலிக்கும் உகிர், பெண்ணுக்கும் உகிர். கன்னடத்தில் ‘உகுரு’ இன்றைக்கும் வீட்டுச் சொல். நம் பேச்சில் அது போய்விட்டது. ‘உகிர்க்கலை’, ‘உகிரெழில்’ என்றெல்லாம் எழுதுகிற தனித்தமிழ் அன்பர்கள் மதுரை மாசி வீதியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் போய் உகிர்ப்பூச்சு கேட்டுப் பார்க்கட்டும். கடைக்காரருக்கு ‘உயிர்’ என்றுதான் காதில் விழும். சொல் பழையது என்பதற்காகப் புழங்கும் சொல்லைத் தள்ள வேண்டியதில்லை. நகம் இருக்கட்டும்.

அடுத்து நெயில் பாலிஷ். ஒரு தலைமுறைக்கு முன் இதைக் கியூட்டெக்ஸ் என்றார்கள், கம்பெனிப் பெயரே பொருளுக்குப் பெயராக நின்றது. இப்போது எழுத்தில் மூன்று தமிழ்ச் சொற்கள் போட்டியிடுகின்றன: நக மெருகு, நகச்சாயம், நகப்பூச்சு. பாலிஷ் என்றால் தேய்த்துப் பளபளப்பாக்குவது. குப்பியில் வண்ணம் வருவதற்கு முன் மேல்நாட்டில் நகத்தைப் பொடி போட்டுத் தோலால் தேய்த்து மினுக்கினார்கள். பொருள் மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டது. நக மெருகு அந்தப் பழைய வேலைக்குத்தான் பொருந்தும்.

நகச்சாயம் மதுரையில் எடுபடவே கூடாது. சாயம் என்றால் என்னவென்று இந்த ஊருக்குத் தெரியும். 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய சுங்குடிச் சேலையில் துணியைப் புள்ளி புள்ளியாகப் பிடித்து நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். சாயம் நூலுக்குள் ஏறும், முடிச்சுக்குள் ஏறாது, அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. ஏறுவதும் வெளுப்பதும் சாயத்தின் குணம். நெயில் பாலிஷ் ஏறுவதுமில்லை, வெளுப்பதுமில்லை. கரைப்பானில் கரைந்திருக்கும் நைட்ரோசெல்லுலோஸ், கரைப்பான் ஆவியானதும் நகத்தின் மேல் ஒரு படலமாகத் தங்குகிறது, நாள்பட்டால் ஓரத்தில் பெயர்ந்து உரிகிறது. மேலே படிந்து உரிவதற்குப் பூச்சு என்று பெயர். கொத்தனாரிடம் கேட்டாலும் இதையே சொல்வார். ஆகவே நகப்பூச்சு.

நகச்சாயம் என்ற பெயருக்கு உண்மையில் உரிமை உள்ளது மருதாணிதான். அதன் நிறமி நகத்தில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தில் பிடித்துக்கொள்கிறது. எந்த ரிமூவருக்கும் அசையாது. மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வீதம் நகம் வளர்ந்து, வெட்டி வெட்டித்தான் அது போக வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு வைத்த சிவப்பு ஆடி கழிந்தும் நுனியில் பிறையாக நிற்பது இதனால்தான்.

இனி நகக்கலை. முதல் குறை, கலை என்பது துறைக்குப் பெயர். சிற்பக்கலை, நடனக்கலை, சமையற்கலை என்கிறோம். செதுக்கி நிறுத்தியதைச் சிற்பக்கலை என்று யாரும் சொல்வதில்லை, அது சிற்பம். இலையில் பரிமாறியது சமையற்கலை இல்லை. ஆனால் நெயில் ஆர்ட் என்கிற சொல்லை நம் பிள்ளைகள் பெரும்பாலும் நகத்தின் மேல் இருக்கும் பொருளுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். “உன் நெயில் ஆர்ட் சூப்பரா இருக்குடி, யாரு போட்டுவிட்டா?” என்பதுதான் பேச்சு. அந்த இடத்தில் நகக்கலையை வைத்தால் வாக்கியம் நொண்டும்.

இரண்டாவது, வினை. நெயில் ஆர்ட் போடுகிறோம். பொட்டும் பூவும் வைக்கிறோம், மருதாணி வைக்கிறோம் அல்லது போடுகிறோம். கலையைக் கற்கலாம், பயிலலாம், வளர்க்கலாம், போட முடியாது. அதனால் மொழிபெயர்ப்பாளர் வேறு வழியில்லாமல் ‘நகக்கலை செய்தல்’ என்று எழுதுகிறார். ஒரு பெயர்ச்சொல்லைத் தப்பாக எடுத்துவிட்டால் அதைத் தொடர்ந்து வரும் வினையும் பொய்யாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தமிழில் எதை எடுத்தாலும் ‘செய்’ போடும் வியாதி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

மூன்றாவது, பன்மை. ‘வீட்டிலேயே செய்யக்கூடிய 10 எளிய நகக்கலைகள்’ என்று தலைப்பு வைத்தால், ஆய கலைகள் 64உடன் இன்னும் பத்தைச் சேர்த்ததாகத்தான் பொருள். எழுதியவர் சொல்ல வந்தது பத்து டிசைன். இத்தோடு, கலை என்பது கலைந்துபோவதற்கும் சொல். ஈரம் காயுமுன் கையைப் பையில் விட்டவளின் நகத்துக்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும்.

‘நக ஓவியம்’ என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறார்கள். தூரிகையால் வரைந்தால் சரி. கல் ஒட்டுவது, ஜிகினா தூவுவது, அச்சு வைப்பது, ஸ்பாஞ்சால் ஒற்றுவது எல்லாம் ஓவியத்தில் அடங்குமா? ‘நக அலங்காரம்’ தப்பில்லை, ஆனால் அகலம் அதிகம். நகத்தை வெட்டி ராவி ஒரே நிறம் பூசினாலும் அலங்காரம்தான்.

நகக்கோலம் என்பதே சரியான சொல். கோலம் வாசலில் மட்டும் கிடக்கும் சொல் என்று மறுப்பவர்கள் மணக்கோலத்தையும் திருக்கோலத்தையும் கோலமயிலையும் மறந்துவிட்டார்கள். தோற்றம், அழகு, ஒப்பனை, வரைந்த உரு என எல்லாமே அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கின்றன. போடு என்ற வினையும் கூடவே வருகிறது. கெட்டுப்போனால் சொல்ல அலங்கோலமும் தயார்.

அதைவிட முக்கியம், வேலைமுறையே கோலத்தின் முறை. கோலப் புத்தகத்தில் ‘5 புள்ளி, 3 வரை, இடைப்புள்ளி’ என்று போட்டிருந்தால் நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்கம் தேவையில்லை. 3, 4, 5, 4, 3 என ஐந்து வரிசை. கட்டைவிரல் நகத்துக்கு அளவெடுத்ததுபோல் உட்காரும். மற்ற விரல்களுக்கு 3 புள்ளி, 3 வரிசை, நேர்ப்புள்ளி போதும். ஆங்கிலக் குறிப்பில் ஒரு பத்தி பிடிக்கிற விஷயம் இது.

ஒரு சுங்குடி நகக்கோலம் போடும் விதம் இது. பழைய பூச்சை ரிமூவர் தொட்ட பஞ்சால் 10 விநாடி அழுத்திப் பிடித்துத் துடைத்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மறுநாளே உரியும். பிறகு நிறமற்ற அடிப்பூச்சு ஒரு கை. இதைத் தவிர்த்தால் அரக்கு, சிவப்பு நிறங்கள் நகத்தை மஞ்சளாக்கிவிடும். அரக்கோ கரும்பச்சையோ மெல்லியதாக இரண்டு கை. நடுவில் 2 முதல் 3 நிமிடம். தடிமனாக ஒரே கையில் முடிக்கப் பார்த்தால் மேலே ஆடை கட்டி உள்ளே ஈரம் நிற்கும், அழுத்தினால் சுருங்கும். குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினால் போதும். குலுக்கினால் காற்று புகுந்து நகத்தில் குமிழாக எழும். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து பூசினாலும் இதே குமிழ்தான்.

15 நிமிடம் கழித்துப் புள்ளி. வெள்ளைப் பூச்சில் ஒரு சொட்டைப் பால் கவர்த் துண்டில் விட்டுக்கொள்ளுங்கள். பல்குச்சியின் கூர்முனையைக் கொஞ்சம் மழுக்கி, சொட்டில் தொட்டு, செங்குத்தாகப் பிடித்து நகத்தின் மேல் நிறுத்தி எடுக்க வேண்டும். குச்சி நகத்தில் அழுந்தக் கூடாது. வண்ணம் மட்டும் தொட வேண்டும். அழுந்தினால் புள்ளிக்கு நடுவில் பள்ளம் விழுந்து வளையமாகிவிடும். ஒருமுறை தொட்டால் முதல் புள்ளி பெரிது, இரண்டாவது சின்னது, மூன்றாவது இன்னும் சின்னது. எல்லாம் ஒரே அளவு வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தொட வேண்டும். பெரிய புள்ளிக்குக் குண்டூசித் தலை. எடுக்கும்போது நூல் இழுத்தால் சொட்டு கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். கத்திரி வெயிலில் 5 நிமிடத்திலேயே இப்படி ஆகும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுச் சொட்டு விடுங்கள். குப்பியே கெட்டியாகியிருந்தால் தின்னர் 2 சொட்டு. ரிமூவர் ஊற்றக் கூடாது, பூச்சின் பிடிமானமே போய்விடும்.

புள்ளியைச் சுற்றிக் கம்பி இழுக்க வேண்டுமென்றால் நகப்பூச்சை விட அக்ரிலிக் பெயின்ட் நல்லது. தப்பினால் ஈரப் பஞ்சால் துடைக்கலாம், அடியில் இருக்கும் பூச்சைத் தண்ணீர் கரைக்காது. நுனியில் பொன்னிறத்தில் ஒரு கோடு இழுத்தால் வேலை முடிந்தது. பிரெஞ்சு மெனிக்கூர் என்கிறார்களே, அந்த நுனிப்பட்டைக்குச் சேலைக்காரர்களிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: கரை. கரை போட்ட நகம் என்று சொன்னால் போதும்.

மேற்பூச்சுக்கு அவசரம் கூடாது. புள்ளி முழுக்கக் காயுமுன் பிரஷை ஓட்டினால் வெள்ளை எல்லாம் இழுபட்டு வால் முளைக்கும். இன்னொரு 15 நிமிடம் பொறுத்து, பிரஷில் சொட்டை நிறைய எடுத்து, முடி நகத்தில் உரசாமல் வண்ணம் மட்டும் வழிந்து பரவும்படி ஒரே இழுப்பு; நுனியின் வெட்டுமுகத்திலும் ஒரு தடவு. தொட்டால் ஒட்டாத பதம் சீக்கிரம் வந்துவிடும், ஆனால் அடிவரை கெட்டிப்பட பல மணி நேரமாகும். படுக்கும் முன் போட்டால் காலையில் போர்வைத் தடம் நகத்தில் பதிந்திருக்கும்.

அடிப்பூச்சு, மேற்பூச்சு என்று இங்கே எழுதியதைச் சில தமிழாக்கங்கள் ‘அடிப்படை கோட்’, ‘மேலங்கி’ என்று எழுதுகின்றன. நகத்துக்குச் சட்டை மாட்டுகிறார்கள்! ஜெல் பூச்சுக் குறிப்புகளில் ‘விளக்கின் கீழ் 60 விநாடி குணப்படுத்தவும்’ என்று வருவது இதற்கும் மேல். குணப்படுத்துவதற்கும் இறுகவைப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘க்யூர்’ என்று ஒரே சொல். அதைத் திருத்துவதாக நினைத்து ‘உலர்த்தவும்’ என்று மாற்றுகிறவர்களும் காரியத்தைக் கெடுக்கிறார்கள். சாதாரணப் பூச்சு காய்கிறது, அதாவது கரைப்பான் ஆவியாகிறது. ஜெல் காய்வதில்லை, ஒளி பட்டு வேதிமாற்றத்தில் இறுகுகிறது. ‘உலர்த்தவும்’ என்று படித்தவர் விசிறிக்கடியில் எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் அது பிசுபிசுவென்றே இருக்கும். இறுகவிடவும் என்பதுதான் சொல்.

கியூட்டிக்கிளுக்கு ‘நகக்கண்’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். நகக்கண் நுனிப்பக்கம் நகமும் சதையும் சேரும் இடம். அழுக்கு அடைவதும் ஊசி ஏறினால் உயிர் போவதும் அங்கேதான். கியூட்டிக்கிள் இருப்பது எதிர்ப்பக்கம், நகம் முளைக்கிற அடியில். அடித்தோல் என்று சொன்னால் போதும். இடத்தை மாற்றிச் சொன்னதோடு விடாமல் ‘வெட்டி நீக்கவும்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தோல் நகத்துக்கும் சதைக்கும் நடுவில் கிருமி இறங்காமல் அடைத்து நிற்கிறது. வெட்டினால் வழி திறந்து நகச்சுத்து வரும், அப்புறம் விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு அலைய வேண்டியதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் ஊறவைத்து, துணி சுற்றிய குச்சியால் பின்பக்கமாகத் தள்ளிவிட்டால் போதும். குறிப்பில் இருக்க வேண்டிய வினை ‘தள்ளவும்’.