கிறிஸ்துமஸ் அடுப்படியிலிருந்து சர்க்கரை நோயாளியை விரட்டாதீர்கள்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளின் வாசனையே மாறிவிடும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா 3-ஆம் தேதி நிறைவடையும்போதே பல வீடுகளில் உலர்திராட்சையும் முந்திரியும் ஆரஞ்சுத் தோலும் பாட்டிலில் ஊற ஆரம்பித்திருக்கும், அப்புறம் அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீடடங்கியதும் கேக், அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, நெய்யப்பம் என்று அடுப்பு அணையவே அணையாது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் லீவு போட்டு வந்துசேர்வார்கள். தூத்தூர், வள்ளவிளை பக்கமிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களும் பெரும்பாலும் பண்டிகைக்குக் கரை திரும்பிவிடுவார்கள். 2011 கணக்கெடுப்புப்படி மாவட்டத்தில் 46 விழுக்காட்டுக்கு மேல் கிறிஸ்தவர்கள், ஆனால் பலகாரத் தட்டு மதம் பார்க்காமல் தெரு முழுக்கப் போகும். குடும்பம் மொத்தமாக ஒரே கூரையின் கீழ், யாரும் எங்கும் ஓடாமல் இருக்கிற நாட்கள் வருடத்தில் இவைதான்.

இந்த நாட்களில் ஒருவரை மட்டும் பல வீடுகளில் அடுப்படிப் பக்கம் வரவிடுவதில்லை. "உங்களுக்கு சுகர் இருக்கு, நீங்க முன்னால போய் இருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளிகளைத் தினமும் பார்க்கும் மருத்துவராகச் சொல்கிறேன், அக்கறையால் செய்கிற இந்தக் காரியம் அவர்களுக்கு நன்மை செய்வதில்லை.

ஜனவரியில் என் முன்னால் வந்து உட்காருகிறவர்களைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு ஏறியிருக்கும், வெறும்வயிற்று அளவும் ஏறியிருக்கும், கூட வந்த மகளோ மருமகளோ "நாங்க ஒரு துண்டு கேக் கூடக் குடுக்கல டாக்டரே" என்று சத்தியம் செய்வார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், கொடுக்கவில்லை. தனியாக விட்டுக் கேட்டால் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, எல்லாரும் தூங்கின பிறகு டின்னைத் திறந்து எடுத்ததைச் சொல்வார். இருட்டில், நின்றுகொண்டே, சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயத்தில் அச்சுமுறுக்கை வாயில் வைத்து ஊறவைத்துத் தின்றதாக ஒருவர் சொன்னது எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. எழுபதைத் தாண்டிய ஒருவர், தான் பெற்ற பிள்ளைகளின் வீட்டில், ஒரு பலகாரத்தைத் திருடித் தின்ன வேண்டுமா? மறைத்துத் தின்னும்போது அளவும் தெரியாது, ருசியும் தெரியாது. பகலில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்பார்.

2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' (INDIAB) என்ற ஆய்வு, நாட்டில் பத்து கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது, பெரியவர்களில் 11.4 விழுக்காடு. பக்கத்துக் கேரளத்தில் அது 25 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நம் ஊர்ச் சாப்பாட்டுப் பழக்கத்துக்கும் அவர்களுடையதுக்கும் பெரிய தூரம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆக இது எங்கோ ஒரு வீட்டுப் பிரச்சினை கிடையாது, உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

அவரை அடுப்படிக்குள் கூப்பிடுங்கள். முந்திரிக்கொத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபயற்றை வாசனை வர வறுத்து, உடைத்துத் தொலி போகப் புடைத்து, பொடித்து, வறுத்த தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்து, பாகு ஊற்றிச் சூடு ஆறுவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். ஆறிவிட்டால் மாவு உதிர்ந்துபோகும், உருண்டை பிடிக்காது. அந்தப் பாகின் பதம் யூடியூப் பார்த்து வருவதில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்து "இப்ப இறக்கு" என்று சொல்ல வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும், பெரும்பாலும் அவர் நீங்கள் முன்னறைக்கு அனுப்பிய அதே பாட்டிதான். பயறு புடைக்கவும் உருண்டை பிடிக்கவும் மூன்று மூன்றாகச் சேர்த்து மாவில் முக்கிக் கொடுக்கவும் அவருக்குக் கை இருக்கிறது, அதைச் செய்ய ஆசையும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கோணல் மாணலாக உருட்டிக்கொண்டிருக்க, வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, பழைய கதை எதையாவது அவர் ஆரம்பித்துவிடுவார். பண்டிகையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், தின்பது இதற்கு அப்புறம்தான். வாசனையையும் வேலையையும் பேச்சையும் அனுபவித்தவருக்கு, கடைசியில் ஒரு முந்திரிக்கொத்து கிடைத்தாலே மனம் நிறைந்துவிடுவதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

முன்பு சொன்ன அந்த அம்மாவின் வீட்டிலும் இதைத்தான் சொன்னேன். அடுத்த டிசம்பரில் டின்னைப் பரண்மேல் ஏற்றவில்லை, பாகு இறக்கும் பொறுப்பை அவரிடமே விட்டார்கள், சாப்பாட்டுக்குப் பின் அவர் தட்டிலும் ஒன்று வைத்தார்கள். அந்த ஜனவரியில் அவருடைய அளவு முந்தைய ஜனவரியைவிட நன்றாக இருந்தது. மாத்திரையும் ஒழுங்காகப் போட்டிருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி, ஊரில் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிற ஒரு விஷயம். "கருப்பட்டி போட்டுத்தானே செஞ்சோம், அது ஒண்ணும் செய்யாது." நம் மாவட்டத்தில் கருப்பட்டிக்கு இருக்கிற மரியாதை எனக்கும் உண்டு, சுக்குக் கருப்பட்டிக் காப்பி எனக்கும் பிடிக்கும். ஆனால் கருப்பட்டியிலும் பெரும்பங்கு இருப்பது சுக்ரோஸ்தான், கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியிலும் அதேதான். கொஞ்சம் தாதுச்சத்து கூடுதலாக இருக்கலாம், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேலையை இரண்டுமே செய்யும். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதில் நமக்கெல்லாம் பெருமை, ஆனாலும் தேன் சர்க்கரை நோய்க்கு மருந்தில்லை. கருப்பட்டி என்ற நம்பிக்கையில் நாலு முந்திரிக்கொத்து தின்பவரைவிட, சீனி என்று தெரிந்து ஒரு சின்னத் துண்டு கேக்கோடு எழுந்திருப்பவருக்கு ஆபத்து குறைவு. சர்க்கரை இல்லாத கேக் என்று பேக்கரியில் விற்பதை வாங்கிவந்து மனம்போல் வெட்டித் தின்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் மைதா இருக்கிறதே! மைதாவும் மாவுச்சத்துதான், வயிற்றுக்குள் போய் அதுவும் சர்க்கரையாகத்தான் மாறும்.

சரி, எவ்வளவு சாப்பிடலாம்? 50 கிராம் பிளம் கேக்கில், கிட்டத்தட்ட 100 கிராம் வெந்த சோற்றில் இருக்கிற அளவுக்கு மாவுச்சத்து இருக்கும், ஏறக்குறைய 25 முதல் 30 கிராம். அதனால் கேக் சாப்பிடுகிற வேளையில் அந்த அளவு சோற்றையோ, காலையானால் ஒரு அப்பத்தையோ விட்டுவிட வேண்டும். வெறும்வயிற்றில் காப்பியோடு கேக் வேண்டாம். கறியும் முட்டையும் காய்கறியும் முதலில், அப்பமோ சோறோ அதற்குப் பின், கேக் கடைசியில் என்று வைத்துக்கொண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் முற்றத்திலோ தெருவிலோ நடந்தால் இன்னும் குறையும். வெட்டிய கேக்கை முழுசாக மேசையில் வைக்காமல் சின்னத் துண்டுகளாக்கி டப்பாவில் போட்டுவிடுங்கள், எதிரில் இருந்தால் கை போகத்தான் செய்யும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் உலர்ந்த பழங்களைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள், அவற்றில் பொட்டாசியம் அதிகம்.

செய்யும்போதே கொஞ்சம் மாற்றலாம். வீட்டு கேக்கில் சொல்லியிருக்கும் சீனியில் கால் பங்கைக் குறைத்தாலும் கேக் நன்றாகவே வரும். ஊறின பழம் இனிப்பைக் கொடுக்கும், கிராம்பும் சாதிக்காயும் ஏலமும் வாசனையைக் கொடுக்கும். நம் மலைத்தோட்டங்களில் விளையும் கிராம்புக்கும் புவிசார் குறியீடு உண்டு, கடையில் பொடி வாங்காமல் முழுக் கிராம்பை வாங்கி வீட்டில் இடித்துப் பாருங்கள். அஸ்பார்டேம் கலந்த இனிப்பூட்டியைக் கேக்கில் போட்டுப் பயனில்லை, சூட்டில் அதன் இனிப்பு போய்விடும். ஓவன் இல்லாத வீடுகளில் குக்கரில் மணலோ உப்போ பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டுச் செய்கிறார்கள், அந்தக் கேக்குக்கு எந்தக் குறையும் இல்லை. குழந்தைகள் மாவுப் பாத்திரத்தை வழித்து நக்குவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், ஆனால் பச்சை முட்டையிலும் வேகாத மாவிலும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் கிருமிகள் இருக்கலாம், அதற்குப் பதில் வெந்த கேக்கின் ஓரத்தை முதலில் அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

நிறம் வருவதற்காகச் சீனியைக் கருக்கிப் பாகு காய்ச்சும்போது மட்டும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கருகிய சீனி கொதிக்கிற தண்ணீரைவிட அதிகச் சூடு, தண்ணீர் ஊற்றியதும் தெறிக்கும், தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். அச்சுமுறுக்கு எண்ணெயும் அப்படியே. கை சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டு அதன் கீழே பிடிக்க வேண்டும். பற்பசை, காப்பிப்பொடி, பேனா மை, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். சர்க்கரை நோயாளிக்குக் கால் மரத்துப்போயிருந்தால் சுட்டதே தெரியாமல் போகலாம், அதனால் அவர் எண்ணெய்ச் சட்டிக்கு அருகில் நிற்காமல் மேசை வேலையை எடுத்துக்கொள்வது நல்லது.

கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டு வரைக்கும் உள்ள அந்த அமைதியான நாட்களை நான் மருந்துபோலவே மதிக்கிறேன். தூக்கம் குறைந்தாலும் மனஅழுத்தம் கூடினாலும் சர்க்கரை ஏறும், அப்படியானால் நிம்மதியாகத் தூங்கி, நேரத்துக்குச் சாப்பிட்டு, பேசிச் சிரித்துக் கழிக்கிற ஒரு வாரம் உடம்புக்கு எவ்வளவு நல்லது! ஆனால் அந்த அமைதி வீட்டுப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும். நாலு வகைப் பலகாரத்தை ஒரே ஆள் ராத்திரி ஒரு மணி வரை நின்று சுட்டால், அவருக்கு அது விடுமுறையே கிடையாது. முதுகுவலியோடும் ரத்த அழுத்தத்தோடும் ஜனவரியில் அவரும் என்னிடம் வருவார். இரண்டு வகை போதும், ஆண்களும் மாவு பிசையலாம், மீதியைப் பக்கத்து வீட்டுத் தட்டு கொண்டுவந்துவிடும்.

ஒன்று மட்டும் தவறாமல் செய்யுங்கள், இதில் உயிராபத்து இருக்கிறது. 24-ஆம் தேதி இரவு, நள்ளிரவுத் திருப்பலிக்கோ அதிகாலை ஆராதனைக்கோ போகிற அவசரத்தில் சிலர் இன்சுலினைப் போட்டுவிட்டோ கிளிமிபிரைடு வகை மாத்திரையை விழுங்கிவிட்டோ, வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சாப்பிடாமல் கிளம்பிவிடுகிறார்கள். கூட்டத்தில் நிற்கும்போது ரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி விழுந்துவிடுவார்கள். இனிப்பைத் தின்றதால் வரும் ஆபத்தைவிட, மருந்து போட்டுச் சாப்பிடாமல் இருப்பதால் வரும் ஆபத்து வேகமானது. அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சீனியையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த நேரத்தில் கேக் கொடுக்காதீர்கள், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும்வயிற்றில் வைன் குடித்தாலும் இதே நிலை வரலாம்.

எங்களைப் போன்ற பல கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் 25-ஆம் தேதி மூடியிருக்கும். முந்திரியும் திராட்சையும் வாங்கப் போகிற அதே நாளில் மாத்திரை, இன்சுலின், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் எல்லாவற்றையும் ஜனவரி முதல் வாரம் வரைக்கும் கணக்குப் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.