பதினைந்து வயது ‘நான்’: நினைவு அந்த ஆளை எப்படிக் கட்டுகிறது?

உயர்நிலைப் பள்ளியில் எப்படிப்பட்ட ஆளாக இருந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோரிடம் பதில் தயாராக இருக்கும். ‘பயங்கரக் கூச்ச சுபாவம்’, ‘கடைசி பெஞ்ச்’, ‘யாரோடும் ஒட்டவே மாட்டேன்’ என்று யோசிக்காமல் சொல்லிவிடுவோம். இவ்வளவு உறுதியாக வருகிற பதிலை ஒரு ஆய்வு நேரடியாகவே சோதித்துப் பார்த்தது.

1962-இல் அமெரிக்காவில் டேனியல் ஆஃபர் என்ற மனநல மருத்துவரின் குழு 14 வயதுப் பையன்களைப் பேட்டி கண்டது. குடும்ப உறவு, பெற்றோரின் கண்டிப்பு, மதம், நண்பர்கள், வீட்டுச் சூழல் என்று பல கேள்விகள். அவர்களில் 67 பேரை 48 வயதில் மீண்டும் சந்தித்து, ‘அன்று நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்’ என்று கேட்டார்கள். 2000-இல் முடிவு வெளியானது. பெரும்பாலான கேள்விகளில், குத்துமதிப்பாகச் சொன்னால் எத்தனை பொருந்துமோ அந்த அளவுக்குத்தான் விடைகள் பொருந்தின. இவர்கள் மனநலம் குன்றியவர்களும் அல்லர், நினைவாற்றல் குறைந்தவர்களும் அல்லர்.

ஆனால் பள்ளி நாட்களைப் பற்றிய எல்லா நினைவும் இப்படிப் பொய்ப்பதில்லை. ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது சகாக்களும் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி முடித்த 392 பேரிடம் அவர்களுடைய பள்ளி ஆண்டு மலர்ப் படங்களை வைத்துச் சோதித்தார்கள். கூடப் படித்தவர் முகத்தை மற்ற முகங்களிலிருந்து பிரித்துக் காட்டும் திறன், சுமார் 35 ஆண்டுகள் கழிந்த பிறகும் 90 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. எந்தத் துப்பும் இல்லாமல் பெயர்களை நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோதோ திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது.

முகம் நிற்கிறது, ‘நான் எப்படிப்பட்டவன்’ மட்டும் ஏன் நழுவுகிறது? மூளை இவ்விரண்டையும் ஒரே விதமாக வைத்திருப்பதில்லை என்பதுதான் காரணம். ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த சம்பவம் சம்பவ நினைவு. ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி அதன் காட்சி, ஒலி, இடம், உணர்ச்சி ஆகிய துண்டுகளைக் கோத்துத் தருகிறது. ‘நான் கூச்ச சுபாவி’ என்பது சம்பவமே அல்ல, ஒரு சுருக்கம். அந்தச் சுருக்கம் சம்பவங்களைச் சார்ந்திராமல் தனியே நிற்கும். கே.சி. என்று ஆய்வுகளில் குறிப்பிடப்படும் கனடா நாட்டவர் 1981-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். தன் வாழ்வின் ஒரு சம்பவத்தைக்கூட அவரால் பிறகு நினைவுகூர முடியவில்லை. விபத்துக்குப் பின் அவர் குணமும் மாறியிருந்தது. அவரே தன் குணத்துக்குக் கொடுத்த மதிப்பீடு, புதிய குணத்தைப் பற்றி அவருடைய தாய் கொடுத்த மதிப்பீட்டோடு நன்றாகப் பொருந்தியது. ஒரு சம்பவம்கூட நினைவில் இல்லாதபோதும் அவரிடம் தன்னைப் பற்றிய சுருக்கம் இருந்தது, அது இன்றைய குணத்துக்கேற்பப் புதுப்பித்துக்கொண்டும் இருந்தது.

இந்தப் புதுப்பித்தல்தான் பள்ளிக்கால ‘நான்’ விஷயத்தில் குழப்பம் செய்கிறது. பழைய சுருக்கம் எங்கோ பத்திரமாகத் தனியே இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நடப்பது வேறு. இன்றைய ‘நானை’ எடுத்து, ‘காலப்போக்கில் நான் எப்படி மாறியிருப்பேன்’ என்ற நம் நம்பிக்கையை அதில் கழித்து, கிடைக்கும் மீதியை ‘அன்றைய நான்’ என்று வைத்துக்கொள்கிறோம். கழிக்கும் தொகை தவறினால் மீதியும் தவறும்.

அந்தத் தொகை பெரும்பாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியும். ஆன் வில்சன், மைக்கேல் ராஸ் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வுகளில், மக்கள் தங்கள் கடந்தகாலத் தன்னை இன்றைய தன்னைவிட மட்டமாக மதிப்பிடும் போக்கைக் கண்டார்கள். உண்மையில் முன்னேற்றம் இல்லாத இடத்திலும் இது நடந்தது. அன்றைய ஆளைக் கொஞ்சம் கீழே இறக்கினால் இன்றைய ஆள் உயர்ந்து தெரிகிறார். பள்ளிக்கால நானை நினைத்துக் கூசும்போது, அந்தக் கூச்சத்தில் ஒரு பங்கு இப்படிச் செயற்கையாக உண்டானது.

மதிப்பெண் விஷயத்தில் சாய்வு எதிர்த்திசையில் போகிறது. 1996-இல் பாரிக் குழு 99 கல்லூரி மாணவர்களிடம் அவர்களுடைய உயர்நிலைப் பள்ளித் தரங்களை நினைவுகூரச் சொல்லி, பள்ளி ஆவணங்களோடு ஒப்பிட்டது. ‘ஏ’ வாங்கிய பாடங்களில் 89 சதவீதம் சரி, ‘டி’ வாங்கியவற்றில் 29 சதவீதம்தான் சரி. தவறுகளில் பெரும்பாலானவை தரத்தை உயர்த்திச் சொன்னவை. குணத்தைத் தாழ்த்தி மதிப்பெண்ணை உயர்த்துவது முரணாகப் படலாம். இரண்டும் இன்றைய நானுக்குச் சாதகமாகவே வேலை செய்கின்றன.

பிறகு, பார்வைக் கோணம். பழைய சம்பவத்தைச் சிலர் தங்கள் கண்வழியே பார்ப்பதுபோல் நினைவுகூர்வார்கள், சிலர் தங்களையே வெளியிலிருந்து பார்ப்பதுபோல். வகுப்பில் தடுமாறி நின்ற காட்சியில் உங்கள் முகமே உங்களுக்குத் தெரிகிறதென்றால், அந்தப் படம் பின்னால் கட்டப்பட்டது, அன்று உங்கள் கண்ணில் விழுந்ததல்ல. லிசா லிபியும் சகாக்களும் 2005-இல் காட்டியது இது: பள்ளியில் பழகத் தெரியாமல் திண்டாடிய தருணத்தை வெளிப்பார்வையில் நினைவுகூர்ந்தவர்கள், தாங்கள் அதிகம் மாறிவிட்டதாகச் சொன்னார்கள். நினைவு ஒன்றேதான், கோணம் மாறியதும் ‘எவ்வளவு மாறினேன்’ என்ற விடை மாறியது. ஒரே சம்பவத்தை இரண்டு கோணத்திலும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது பலன் தரும்.

இவ்வளவு திரிபுக்கு நடுவிலும் அந்த வயது ஏன் இப்படி மனதை அடைத்துக்கொண்டிருக்கிறது? நாற்பதைத் தாண்டியவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அது கிளப்பும் நினைவின் தேதியைக் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வருகின்றன. வரைபடத்தில் அது ஒரு மேடாகத் தெரியும். முதல் முறை நடப்பவை அந்த வயதில் குவிகின்றன, அடையாளம் உருவாகும் வயதும் அதுவே. உணர்ச்சி கிளரும்போது சுரக்கும் அட்ரீனலினும், உணர்ச்சியைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டாலாவும் நினைவைப் பதிய வைப்பதில் உதவுகின்றன. எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற உணர்வும் அப்போது உச்சத்தில் இருக்கிறது. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், அணியக் கூசும் படம் போட்ட டி-ஷர்ட்டோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப்பேராவது கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

குணம் நிஜமாகவே மாறுகிறதா என்பது தனிக் கேள்வி. 1950-இல் ஸ்காட்லாந்தில் 1,208 பேரின் 14 வயதுக் குணங்களை ஆசிரியர்கள் ஆறு தலைப்புகளில் மதிப்பிட்டார்கள். அவர்களில் 174 பேர் 77 வயதை ஒட்டி மீண்டும் கலந்துகொண்டபோது, அன்றைய குணத்துக்கும் அன்றைக்கு 63 ஆண்டுகள் கழித்துள்ள குணத்துக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. அன்று மதிப்பிட்டவர் ஆசிரியர், பிறகு மதிப்பிட்டவர்கள் அவர்களும் நெருங்கியவர்களும் என்ற வேறுபாடு இதில் உண்டு. மாறுவோம் என்பதை இது ஆதரிக்கிறது, எந்தப் பக்கம் மாறினோம் என்பதை நினைவு சொல்லாது.

எனவே அந்த ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆதாரத்தோடு தேட வேண்டும். முறை கடினமல்ல, வரிசை முக்கியம். பழைய பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் பத்து வாக்கியம் எழுதித் தேதி போடுங்கள். ‘கூச்சமாக இருந்தேன்’ என்பது சரிபார்க்க முடியாதது. ‘ஒன்பதாம் வகுப்பில் மதிய இடைவேளையில் இன்னாரோடு உட்கார்வேன்’, ‘கணக்கில் இவ்வளவு வாங்கினேன்’, ‘வகுப்பில் கையே தூக்க மாட்டேன்’ என்று சரிபார்க்கக்கூடியதாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உறுதி என்று 0 முதல் 100 வரை ஓர் எண் இடுங்கள். ஆதாரத்தைப் பார்த்த பின் எழுதினால், ‘அது எனக்கு முன்பே தெரியும்’ என்றுதான் மனம் சொல்லும்.

அடுத்து ஆவணம். மதிப்பெண் சான்று, நோட்டின் ஓரக் கிறுக்கல், நாட்குறிப்பு, கடிதம் ஆகியவற்றை முதலில் பாருங்கள், புகைப்படத்தைக் கடைசியில். புகைப்படம் நினைவை உண்டாக்கியே விடும். 2002-இல் 20 பேருக்கு, அவர்கள் சிறுவயதில் வெப்பக்காற்று பலூனில் பறந்ததாகச் சோடித்த படத்தைக் காட்டினார்கள். மூன்று அமர்வுகளில் பாதிப்பேருக்கு அது நடந்ததாக ஏதோ ஒரு வகையில் ‘நினைவு’ வந்தது. நாட்குறிப்புக்கும் குறை உண்டு. பலர் மனம் சரியில்லாத நாளில்தான் எழுதுவார்கள், நிம்மதியான நாட்கள் காகிதத்தில் விழாது.

பிறகு சாட்சிகள். வெவ்வேறு இடத்தில் உங்களை அறிந்த மூன்று பேரையாவது தனித்தனியாகக் கேளுங்கள். குழுவில் கேட்டால் முதலில் பதில் சொன்னவரின் நினைவு மற்றவர்களிடம் ஒட்டிக்கொள்ளும். ‘நான் ரொம்ப அமைதியா இருப்பேன், இல்ல?’ என்று கேட்டால் பதிலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறீர்கள். ‘அப்ப என்னைப் பத்தி என்ன ஞாபகம் இருக்கு?’ என்று மட்டும் கேளுங்கள். ஒரு சம்பவம் உங்களுக்கு நடந்ததா, நண்பருக்கு நடந்ததா என்று தகராறு வந்தால் வியக்க வேண்டாம். இரட்டையரிடம் செய்த ஆய்வில் இப்படி இருவருமே சொந்தம் கொண்டாடும் நினைவுகள் பதிவாகியிருக்கின்றன.

ஒப்பிடும்போது ‘எப்போதும்’, ‘யாருமே’, ‘ஒருபோதும்’ என்று எழுதிய வாக்கியங்களில் முதலில் கை வையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோணல் இருக்கும். ஒன்றிரண்டு சம்பவம் ஆண்டு முழுமைக்கும் பரவிவிட்டிருக்கும்.

இதை வைத்துக்கொண்டு, துன்புறுத்தலுக்கு ஆளானவரிடம் ‘உன் நினைவு தப்பாக இருக்கும்’ என்று சொல்வது தவறு. கடும் உணர்ச்சி கலந்த சம்பவத்தில் மையப் பகுதி பொதுவாக நன்றாகப் பதியும், தேதியும் சுற்றுப்புற விவரமும்தான் முதலில் கலங்கும். ஓர விவரம் ஒன்று தவறிப்போனதால் நடந்ததே பொய் என்று ஆகிவிடாது.

இப்போது பள்ளியில் படிப்பவருக்கு வேலை இன்னும் எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு நாளை ஒரு பக்கம் எழுதினால் போதும்: யார் பக்கத்தில் உட்கார்ந்தது, எதற்குப் பயந்தது, எதைப் பார்த்துச் சிரித்தது. தேதியைத் தாளிலேயே எழுத வேண்டும். செல்பேசியில் மட்டும் வைத்தால் கருவி மாறும்போது தொலைந்துவிடும், காகிதத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.