சூடான வண்டி ஏன் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது?

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிற வண்டி. ஐம்பது கிலோமீட்டர் ஓடி, டீக்கடையில் நிறுத்தி, பதினைந்து நிமிடம் கழித்து உதைத்தால் அசையாது. வியர்க்க விறுவிறுக்க உதைத்து ஓய்ந்து, வெயிலில் தள்ளிக்கொண்டே போய் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தால், அவர் கால் வைத்ததும் ஸ்டார்ட் ஆகிவிடும். "வண்டி நல்லாத்தானே சார் இருக்கு?" என்பார்.

என்னுடைய பழைய 100 சிசி வண்டி ஒரு கோடை முழுக்க என்னை இப்படித்தான் அலைக்கழித்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, தீப்பொறி தரும் பிளக்கையும் புதிதாகப் போட்டாயிற்று. ஒன்றும் மாறவில்லை. பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடும். ஆறியதும் கோளாறும் ஒளிந்துகொள்ளும். சூட்டில் வரும் கோளாறைச் சூட்டிலேயே பிடிக்க வேண்டும். அதாவது, வழியில் நாம் தவித்து நிற்கும் அந்த அரைமணி நேரம்தான் சோதனைக்கு ஏற்ற நேரம்.

எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், சரியான நொடியில் தீப்பொறி, போதுமான கம்ப்ரஷன், அதாவது அந்தக் கலவையை பிஸ்டன் அழுத்தும் அழுத்தம். காலையில் மூன்றும் சரியாக இருந்தன. ஆகவே, இவற்றில் எதைச் சூடு கெடுத்தது என்பதுதான் கேள்வி.

முதலில் பெட்ரோல். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதைப் போல பெட்ரோலுக்கு ஒரே கொதிநிலை கிடையாது. அது பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை சுமார் 35 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும், கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். வண்டி ஓடும்போது கார்புரேட்டருக்குக் கவலையில்லை. எதிர்க்காற்று வீசுகிறது, டேங்கிலிருந்து புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது, உள்ளே ஆவியாகும் பெட்ரோலே சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. வண்டியை நிறுத்தியதும் இந்த மூன்றும் நின்றுவிடுகின்றன. எஞ்சினின் தலைப்பகுதி மட்டும் கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. அந்தச் சூடு மெல்ல கார்புரேட்டருக்கு ஏறுவதால், நிறுத்திய சில நிமிடங்களில் கார்புரேட்டர் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சுடும். இந்தச் சூடு கடக்காமலிருக்கவே பல வண்டிகளில் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தடித்த கறுப்புத் துண்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். கழற்றி மாட்டும்போது அதை விட்டுவிட்டால் தொல்லை ஆரம்பம்.

கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் குமிழியிடத் தொடங்கினால், அந்தக் குமிழிகள் பெட்ரோலை ஜெட் என்கிற நுண்துளை வழியாக மேலே தள்ளிவிடும். அது எஞ்சினுக்குள் போகும் பாதையில் சொட்டி ஆவியாகி நிறைந்துகொள்ளும். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எரியாது, 7.6 சதவீதத்துக்கு மேலே போனாலும் எரியாது. இங்கே நடப்பது இரண்டாவது. அந்த நேரத்தில் பதற்றத்தில், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதைதான். இருக்கிற காற்றையும் அடைத்துவிடுகிறோம். சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை உதைத்தால் காற்று நிறையப் போய்த் தேங்கிய ஆவியைத் துரத்தும். பட்டென்று பிடித்துக்கொண்டால் கோளாறு பெட்ரோல் பக்கம்தான்.

டேங்க் மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பெட்ரோல் இறங்க இறங்க, காற்று உள்ளே போக மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அது தூசியில் அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அப்புறம் வண்டி ஓடினால் அதுதான் காரணம். காசு செலவில்லாத சோதனை.

என் வண்டியில் இரண்டுமே பலிக்கவில்லை. அதன்பிறகு சீட்டுக்கு அடியில் ஒரு பிளக்கை வைத்துக்கொண்டேன். அடுத்த முறை வண்டி நின்றபோது எஞ்சினில் இருந்த பிளக்கைக் கழற்றவில்லை. சூடான அலுமினியத்தில் பிளக்கைத் திருகினால் மரை போய்விடலாம். திறந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வந்தால் தீயும் பிடிக்கலாம். பிளக் கேப்பை மட்டும் இழுத்தெடுத்து, கையிலிருந்த பிளக்கைச் செருகி, அதன் உலோகப் பகுதியை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுந்த வைத்தேன். பிடித்துக்கொண்டது கேப்பின் ரப்பரை மட்டும்தான். உலோகத்தைத் தொட்டால் நன்றாகவே ஷாக் அடிக்கும். சாவியைப் போட்டு, கூட வந்த தம்பியை உதைக்கச் சொன்னேன். தீப்பொறியே இல்லை. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி உதைத்தபோது 'டிக் டிக்' என்று நீலப் பொறி!

சூட்டில் பொறி போய், ஆறினால் வருகிறது என்றால் சந்தேகம் காயில்கள் மேல்தான் விழும். முக்கியமாகப் பல்சர் காயில். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் மேக்னட் சக்கரத்தின் ஓரத்தில் ஒரு மேடு இருக்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் இந்தச் சின்னக் காயிலைக் கடக்கும்போது இதில் ஒரு மின்துடிப்பு பிறக்கும். 'இப்போது பற்றவை' என்று, பொறியைத் தூண்டும் சிடிஐ என்கிற மின்னணுப் பெட்டிக்குப் போகும் சேதி அதுதான். காயிலில் சுற்றியிருப்பது முடியைப் போன்ற செம்புக் கம்பி. அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு முறிவு விழுந்தால், குளிர்ந்திருக்கும்போது இரண்டு முனைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் காயிலும் அதைப் பொதிந்த பிசினும் விரியும்போது முனைகள் விலகிவிடும்.

ஓடும்போது நிற்காத வண்டி, நிறுத்தி எடுக்கும்போது மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? காயிலில் பிறக்கும் மின்னழுத்தம் சக்கரத்தின் வேகத்தைப் பொறுத்தது. எஞ்சின் ஆயிரக்கணக்கான சுற்றில் ஓடும்போது துடிப்பு வலுவாக இருப்பதால், அரைகுறைத் தொடுப்பையும் தாண்டிப் போய்விடும். காலால் உதைக்கிற வேகத்தில் அந்த வலு இல்லை.

காயிலைக் கழற்றித் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். மல்டிமீட்டர் நூற்றுச் சொச்சம் ஓம் காட்டியது, குறையொன்றும் இல்லை. முடி உலர்த்தும் டிரையரால் காயிலுக்குச் சூடு காட்டச் சொன்னேன். எண் மெல்ல மெல்ல ஏறியது. அது இயல்புதான், செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவுக்குக் கூடும். ஐந்து நிமிடம் போயிருக்கும், எண் சட்டென்று மறைந்து, மீட்டரின் இடது ஓரத்தில் வெறும் '1' நின்றது. கம்பி அறுந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஒரு கோடை முழுக்க நான் தேடிய கோளாறை அந்த ஒற்றை எண்ணில் பார்த்தேன்.

கம்ப்ரஷன் பக்கம் கோளாறு இருந்தால் காலே சொல்லிவிடும். கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் முட்டி நிற்க வேண்டும். முட்டாமல் தொளதொளவென்று இறங்கினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வைத் திறந்துவிடும் டேப்பெட் டைட்டாகி வால்வு முழுவதும் மூடாமல் இருக்கலாம். ரிங் தேய்ந்த எஞ்சினில், ஆறியிருக்கும்போது கெட்டியாக இருக்கும் ஆயில் இடைவெளியை ஓரளவு அடைத்துக்கொள்ளும். சூட்டில் ஆயில் இளகியதும் அழுத்தம் கசிந்துவிடும். டேப்பெட் கோளாறு காலையிலும் தொல்லை கொடுக்கும், அதனால் அடையாளம் காண்பது எளிது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்கிற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு இங்கே விற்கும் பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் கொண்டவை, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் ஒரு கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும். அவற்றில் கிண்ணமும் இல்லை, கிண்ணத்தில் கொதிப்பும் இல்லை. சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று நொடி 'ஸ்ஸ்' என்று பம்ப் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். வராவிட்டால் பம்ப்பையோ ஃபியூஸையோ ரிலேவையோ பார்க்க வேண்டும். சத்தம் வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, புகைக்குழாயில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால், எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது சூடான எஞ்சினைக் குளிர்ந்தது என்று தவறாகச் சொன்னால், கம்ப்யூட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலைப் பீய்ச்சும்.

மெக்கானிக்கிடம் போகும்போது "ஸ்டார்ட்டிங் டிரபிள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியபின் நின்றது, நிறுத்தி எத்தனை நிமிடத்தில் உதைத்தீர்கள், பொறி வந்ததா, பெட்ரோல் வாடை அடித்ததா, ஆற எவ்வளவு நேரமானது என்று சொல்லுங்கள். முடிந்தால் வண்டியைச் சூட்டோடு ஓட்டிப்போய், அவர் பட்டறை வாசலில் பதினைந்து நிமிடம் நிறுத்திவையுங்கள்.