இண்டிஜினஸ்: பழங்குடியா, பூர்வகுடியா, உள்நாட்டா?

ஆஸ்திரேலியால தெல்மா ப்ளம்னு ஒரு பாடகி இருக்காங்க, வெள்ளக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே அங்க இருந்த மக்களோட வம்சம், ஆல்ட்-பாப் (மெயின்ஸ்ட்ரீம்லேந்து கொஞ்சம் விலகுன பாப்) பாடுறவங்க. இந்த மாதிரி ஆளுங்க ஒரு சிங்கிளோ (ஆல்பமா இல்லாம தனியா விடுற பாட்டு) மியூசிக் வீடியோவோ விட்டாலே அந்த நியூஸ்ல பேருக்கு முன்னாடி இண்டிஜினஸ்னு ஒரு சொல் வந்து உக்காந்துக்கும். அத தமிழ்ல எழுத வேண்டி வந்தாதான் சிக்கல். டிக்ஷனரிய தொறந்தா உள்நாட்டு, சுதேச, நாட்டுனு வரிசையா வருது, ஆனா உள்நாட்டு பாடகினு போட்டா ஏதோ டிஆர்டிஓ தயாரிச்ச ஏவுகணை மாதிரி இருக்கு, நாட்டு பாடகின்னா நாட்டுக்கோழி ஞாபகம் வருது.

முதல்ல வேர பாத்துருவோம். லத்தீன்ல இண்டிஜெனானு ஒரு சொல், உள்ளேங்கிற அர்த்தத்துல ஒரு பழைய முன்னொட்டு, கூடவே பிறப்பு சம்பந்தப்பட்ட ஒரு வினை, ரெண்டும் சேந்து அந்த மண்ணுக்குள்ளயே பிறந்த ஆள்னு பொருள். இங்கிலீஷுக்குள்ள 17ஆம் நூற்றாண்டுல வந்துச்சு. இதுக்கும் இந்தியாங்கிற பேருக்கும் சம்பந்தமே இல்ல, அது சிந்து நதிலேந்து வந்தது. இண்டி-பாப்னு சொல்றோமே அந்த இண்டியும் வேற, அது இண்டிபெண்டன்ட்டோட சுருக்கம், பெரிய கம்பெனி இல்லாம சொந்தமா பாட்டு விடுறவங்கள சொல்றது. மூணும் காதுக்கு ஒண்ணு மாதிரி கேக்குது, அவ்ளோதான்.

மண்ணுக்குள்ள பிறந்தவர்னா நம்மகிட்ட மண்ணின் மைந்தர்னு ரெடிமேடா ஒண்ணு இருக்கேனு தோணும். வேர் அர்த்தத்துக்கு அதுதான் ரொம்ப கிட்ட. ஆனா லோக்கல் ஆளுக்கே வேலை குடுன்னு கேக்குற அரசியல் அத எப்பவோ எடுத்துக்கிச்சு, எலெக்ஷன் போஸ்டர்ல வேட்பாளர் பேருக்கு மேல போடுற அடைமொழியாவும் ஆயிடுச்சு, இனிமே அது இதுக்கு உதவாது.

அடுத்தது நம்ம பத்திரிகைங்க வழக்கமா போடுற பழங்குடி. இந்த சொல் குறள்லயே இருக்கு, குடிமை அதிகாரத்துல 955: "வழங்குவ துள்வீழ்ந்தக் கண்ணும் பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று". கையில குடுக்க ஒண்ணும் இல்லாம போனாலும் பண்பு போகாத பழைய நல்ல குடும்பம்னு அங்க அர்த்தம், காட்டுக்கும் மலைக்கும் அதுல வேலையே இல்ல. அது மாறி இப்போ நம்ம காதுல விழுறது ட்ரைப், அரசியல் சட்டம் 342ஆவது பிரிவுல அறிவிக்கிற பட்டியல் பழங்குடி, சாதி சான்றிதழ், வன உரிமை, இதெல்லாம்தான். ஐநா பூர்வகுடி உரிமைப் பிரகடனத்த 2007ல நிறைவேத்துனப்போ இந்தியா ஆதரிச்சு ஓட்டு போட்டுச்சு, ஆனா சுதந்திரத்துக்கு அப்புறம் இந்தியர் எல்லாருமே இண்டிஜினஸ்தான்னு ஒரு விளக்கத்தயும் சேத்து சொல்லிச்சு. எதிர்த்து ஓட்டு போட்ட நாலு நாடு எதுன்னா அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அதாவது இந்த சொல் யாருக்கு சுடுமோ சரியா அவங்க (பின்னாடி நாலு பேரும் மனச மாத்திக்கிட்டாங்க).

சூடு ஏன்னா இண்டிஜினஸ்ங்கிறது எவ்ளோ பழசுங்கிற கணக்கு மட்டும் இல்ல, யாருக்கு முன்னாடிங்கிற கணக்கு. 1788ல பிரிட்டிஷ் கப்பல் சிட்னில வந்து இறங்குறதுக்கு முன்னாடியே அங்க இருந்தவங்க, இன்னிக்கும் இருக்குறவங்க. அதனாலதான் எனக்கு பூர்வகுடி பிடிச்சிருக்கு, பூர்வம்னாலே முன்னாடினுதான் பொருள், பழசுங்கிறது அதுக்கு அப்புறம்தான். வடசொல் வேண்டாங்குறவங்க தொல்குடினு எழுதலாம், தப்பில்ல, அந்த முன்னாடி மட்டும் கொஞ்சம் மங்கிடும்.

ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்ங்கிறத வெச்சு முதற்குடினு எழுதுறவங்க நாட்ட பாத்துட்டு எழுதணும். ஆஸ்திரேலியால ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்னா அபாரிஜினல் மக்கள், டாரஸ் ஜலசந்தித் தீவு மக்கள் ரெண்டு பேரும் அடக்கம். கனடால இண்டிஜினஸ்ங்கிற குடைக்குள்ள ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுயிட், மெட்டிஸ்னு மூணு தனித்தனி மக்கள், அதனால தொண்டைக்குள்ளேந்தே உறுமி பாடுற தான்யா தகாக்க முதற்குடினு எழுதினா தப்பு, அவங்க இனுயிட்.

இன்னும் சரியா எழுதணும்னா எந்த மக்களோ அந்த பேரயே போட்ருங்க. தெல்மா ப்ளம் கமிலராய் பெண், கமிலராய் பாடகின்னே எழுதலாம். அவங்க 2022ல விட்ட ஈபிக்கு (ஆல்பத்த விட சின்ன தொகுப்பு) பேரு மியான்ஜின், பிரிஸ்பேன் நகரத்துக்கு பூர்வகுடி மக்கள் வெச்ச பேரு அது.

அவங்களோட 2019 ஆல்பம் பெட்டர் இன் பிளாக். அதே பேருல சிங்கிளும் உண்டு. அந்த பிளாக்ல கறுப்புக்கு உண்டான ஸ்பெல்லிங் இல்ல, நடுவுல இருக்குற சி எழுத்த தூக்கிட்டாங்க. 1991ல டெஸ்டினி டீகன்ங்கிற கலைஞர் ஆரம்பிச்ச எழுத்து அது, அடுத்தவன் திட்டுறதுக்கு வெச்சிருந்த சொல்ல எங்க ஸ்பெல்லிங்ல எழுதிக்கிறோம்னு. தமிழ்ல சி இருந்தாலும் பிளாக்தான், எடுத்தாலும் பிளாக்தான். ஆளுங்கள சொல்லும்போது இங்கிலீஷ்ல இண்டிஜினஸோட ஐ எழுத்த பெருசா போடுறாங்களே, செடி கொடிக்கு சின்னதா போடுறாங்களே, அதுவும் நமக்கு காட்ட முடியாது. அதனால செடிக்கும் மாட்டுக்கும் நாட்டு, தேஜஸ் விமானத்துக்கு உள்நாட்டு, மனுஷங்களுக்கு பூர்வகுடின்னு பிரிச்சு வெச்சுக்குறதுதான் வழி. ஆல்ட்-பாப்ப அப்படியே விட்ருங்க, மாற்று பாப்னு போட்டா யாருக்கும் புரியாது. சிங்கிளுக்கு தனிப்பாடல்னு சிலர் எழுதுறாங்க, எனக்கு தனிப்பாடல்னதும் காளமேகம்தான் வர்றார், ஒற்றைப் பாட்டுன்னா தேவல.