அரளிக்கொட்டைக்கு இளநீர் முறிவாகாது

போன வருஷம் பள்ளி விடுமுறையில், மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆறு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடி வந்தார்கள். நான் அங்கே மருந்தாளுநர். பையன் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டுச் சோர்ந்து கிடந்தான். பின்னாலேயே வந்த பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு மஞ்சள் அரளிக்கொட்டை. கல்லால் உடைத்திருந்தது, பருப்பில் பாதியைக் காணோம்.

"கோயில் மரத்துல விழுந்ததும்மா. வாய் கசக்குதுன்னு அழுதான். விஷம் முறியட்டும்னு ரெண்டு இளநீர் வெட்டிக் குடுத்தேன்" என்றார்.

இ.சி.ஜி. எடுத்தால் இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 54. அந்த வயதில் விழித்திருக்கும் பிள்ளைக்கு 75க்குக் கீழே இறங்கினாலே நாங்கள் பயப்படுவோம்.

அந்தப் பாட்டி செய்ததை நம் தோட்டங்களில் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு உண்டு. அரளி நஞ்சு அந்தப் பம்பை முடக்கிவிடும். பொட்டாசியம் உள்ளே போக வழியில்லாமல் இரத்தத்தில் ஏறும், இதயத்துடிப்பு தடுமாறும். இளநீரிலோ ஒரு கிளாசுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. வெயிலில் வேலை செய்து வந்தவருக்கு அது நல்லது. அரளி தின்ற பிள்ளைக்கு அது ஏற்கெனவே ஏறி நிற்பதை இன்னும் ஏற்றும்.

பையனுக்கு முதலில் கொடுத்தது, இதயத்துடிப்பை ஏற்றும் அட்ரோபின் ஊசி. அதுவே ஊமத்தைக் குடும்பத்துச் செடிகளில் இருக்கும் நஞ்சுதான். அப்படியென்றால் மூலிகை முறிவு உண்மைதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அளவு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். 18 கிலோ பையனுக்கு 0.36 மில்லிகிராம். ஊமத்தையில் செடிக்குச் செடி, காய்க்குக் காய் நஞ்சின் அளவு மாறும். வீட்டில் இதை எந்தக் கரண்டியாலும் அளக்க முடியாது.

இலங்கையில் மஞ்சள் அரளி தின்று மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அதிகம். அதனால் இதைப் பற்றிய நல்ல ஆய்வுகள் அங்கேதான் நடந்தன. ஆடுகளின் உடம்பில் உருவாக்கிய எதிர்ப்புப் புரதம் இந்த நஞ்சைப் பிடித்து அடக்குகிறது என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. விலை அதிகம், எல்லா மருத்துவமனையிலும் கையிருப்பில் இருக்காது. நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் மருத்துவக் கரியை மறுபடி மறுபடி கொடுத்தால் சாவு குறைகிறது என்று 2003இல் ஓர் ஆய்வு சொன்னது. 2008இல் அரளியோ பூச்சிமருந்து போன்ற வேறு நஞ்சோ உட்கொண்ட 4,600க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. இவ்வளவு பேரை வைத்துப் பார்த்தும் ஒரு முறிவு வேலை செய்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் பிழைத்தார் என்பதை வைத்து எப்படி நம்புவது? அடுப்புக் கரி மருத்துவக் கரி ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் இந்த நாக்குச் சோதனை. "நுனி நாக்குல வச்சுப் பார்த்தேன், அரிக்கல, அதான் கீரையாக் கடைஞ்சேன்" என்று ஒரு தாத்தா பிளாஸ்டிக் பையில் இலையோடு வந்து நின்றார். காட்டுச் சேம்புக்கு அந்தச் சோதனை சரி, அதிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் உடனே குத்தும். காட்டாமணக்குப் பருப்பு அப்படியில்லை. கச்சான் (வேர்க்கடலை) மாதிரி ருசியாக இருக்கும், பிள்ளைகள் நாலைந்து தின்ற பிறகுதான் வாந்தியும் பேதியும் தொடங்கும். செங்காந்தள் கிழங்கு பல மணி நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் வேலையைக் காட்டும். மென்று தின்ற குன்றிமணியும் அப்படித்தான், அதற்கு முறிவே கிடையாது. முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி. கறுப்புப் பொட்டு வைத்ததுதான் குன்றிமணி. மலாயில் இரண்டுக்கும் சாகா என்ற பெயர் இருப்பதால் குழப்பம் வருகிறது. பிள்ளைகளுக்கு அந்தப் பொட்டைக் காட்டிக் கொடுங்கள்.

பறவையோ விலங்கோ தின்றால் நாமும் தின்னலாம் என்பதும் சரியில்லை. ஊமத்தை வகை நஞ்சைச் சிதைக்கும் நொதி சில முயல்களுக்கு உண்டு, நமக்குக் கிடையாது. செம்பனைக்கு நடுவே பறிக்கும் கீரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கீரை நல்லதாகவே இருக்கும், முந்தின நாள் அடித்த களைக்கொல்லி அதன்மேல் இருக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். மற்ற மருந்துகளை இன்னும் அடிக்கிறார்கள்.

ஆய்வகத்தில் ஒரு செடியின் சாற்றைச் சோதிப்பவர்கள் எலிகளுக்கு அளந்து கொடுத்து 14 நாள் கவனிக்கிறார்கள், பிறகு ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். நாள்பட்ட கேட்டை அறிய 90 நாள் சோதனை தனி. அதுவும் அந்தச் சாற்றுக்கு, அந்த அளவுக்கு மட்டும்தான் செல்லும்.

பெரியவர்களின் அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஈப்போ என்ற ஊர்ப்பெயரே அம்புநஞ்சு மரத்தின் பெயர்தான்; அதன் பாலும் அரளி மாதிரியே இதயத்தைத் தாக்கும். அந்த மரம் வளரும் காட்டில் வாழும் ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் காடோங் என்ற நச்சுக் கிழங்கை மெல்லிசாகச் சீவி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து நஞ்சை எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். சித்த மருத்துவத்தில் எட்டிக்கும் சேங்கொட்டைக்கும் நஞ்சை நீக்கும் சுத்தி முறை உண்டு. அவர்கள் நமக்கு விட்டுப்போனது கிழங்கும் கொட்டையும் மட்டுமில்லை, அந்தப் பக்குவத்தையும் சேர்த்துத்தான். நாம் பக்குவத்தை விட்டுவிட்டுச் செடியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பையன் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து பிழைத்து வந்தான். பாட்டி அந்தக் கொட்டையை முடிந்து கொண்டுவந்ததால்தான் வந்த நிமிஷமே எங்களுக்கு நஞ்சு எதுவென்று தெரிந்தது. நீங்களும் அதையே செய்யுங்கள். இலை, காய், மிச்சமான துண்டு, எது கிடைக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பிள்ளை மயங்கினால், மூச்சு திணறினால் 999. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நஞ்சு மையத்தின் எண் 1-800-88-8099. வீட்டில் ஏற்கெனவே ஏதாவது குடிக்கக் கொடுத்திருந்தால் கூச்சப்படாமல் அதையும் சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டோம்.