டெல்லியில் மிஞ்சிய மின்சாரம் தமிழ்நாட்டுக்கு வராதது ஏன்?

2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட். டெல்லி தனக்கு வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த மின்சாரத்தையாவது தாருங்கள் என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. மின்சாரம் இருக்கிறது, கொண்டுவர வழித்தடம் இல்லை என்றது மத்திய அரசு. சாக்குப்போக்கு போலத் தோன்றினாலும் அதில் இயற்பியல் இருந்தது. அந்த வழித்தடத்தைக் காலத்தோடு போடாதது யார் என்பது வேறு கேள்வி.

அரசியல் சட்டப்படி மின்சாரம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் கம்பி மாநிலத்தின் பொறுப்பு; மாநிலங்களுக்கு இடையிலான பெருந்தடங்கள் பெரும்பாலும் மத்திய அரசின் பவர்கிரிட் நிறுவனத்தின் கையில். மத்திய அனல் நிலையங்களின் உற்பத்தியில் 15 சதவீதத்தை யாருக்கும் நிரந்தரமாக ஒதுக்காமல், தேவைப்படும் மாநிலத்துக்குக் கொடுக்க மத்திய அரசு தன்னிடம் வைத்துக்கொள்கிறது. ஆனால் ஒதுக்கீட்டு ஆணை காகிதம்தான். கம்பி தாங்கினால்தான் அது கரண்ட்.

அப்போது தென் மாநிலங்களின் கிரிட் (மின் வலையமைப்பு) தனித்தீவு. தெற்கு, மற்ற இந்தியா என இரு பக்கமும் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலைவு) என்றாலும், ஒன்று 49.7-ல் ஓடும்போது மற்றது 50.1-ல் ஓடும். அப்படியே ஏசி (மாறுதிசை மின்னோட்டம்) கம்பியால் இணைத்தால் மின்னோட்டம் எகிறி, ரிலே என்ற பாதுகாப்புக் கருவி கம்பியைத் துண்டித்துவிடும். அதனால் ஏசியை, அதிர்வெண்ணே இல்லாத டிசியாக்கி (நேர்திசை மின்னோட்டம்), மறுபடி ஏசியாக்கும் தைரிஸ்டர் (மின்னணு சுவிட்ச்) நிலையங்கள் வழியாகத்தான் மின்சாரம் வந்தது. மகாராஷ்டிரத்தின் பத்ராவதியில் 1,000 மெகாவாட், ஆந்திராவின் கஜுவாகாவில் 1,000, ஒடிசாவின் தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்குச் சுமார் 1,370 கி.மீ. நீளும் தடத்தில் 2,500. மொத்தம் 4,500 என்று கூட்டிவிடலாம். ஆனால் தால்சேர் தடத்தில் சுமார் 2,000 மெகாவாட் வரை, அங்குள்ள அனல் நிலையத்திலிருந்து தென் மாநிலங்கள் ஏற்கெனவே பெற்றுவந்த பங்குக்கே போய்விடும். மிச்சத்தில்தான் எல்லாரும் முட்டி மோத வேண்டும். தெற்குக்குள்ளேயே, ஆந்திரா–கர்நாடகப் பக்கத்திலிருந்து தமிழ்நாடு–கேரளாவுக்கு வரும் தடங்களில் இன்னொரு நெரிசல். மின்சந்தையில் இந்த இரண்டு பகுதிகளுக்கும் வெவ்வேறு விலை விழுந்ததற்கு அதுவே காரணம்.

இந்தத் தனிமையால் ஒரே ஒரு லாபம் உண்டு. 2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா இருளில் மூழ்கியபோது, டிசி இணைப்பு சுவர்போல் நின்று தெற்கைக் காத்தது.

2013 டிசம்பர் 31-ல் கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் ஏசி தடம் தெற்கைத் தேசிய கிரிட்டோடு சேர்த்தது. பிரேக்கரை (இணைப்புச் சுவிட்சை) மூடுமுன் இரு முனைகளிலும் மின்னழுத்தம், அதிர்வெண், கட்டக் கோணம் (அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது) மூன்றும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். கோணம் விலகியிருக்கும்போது மூடினால் டர்பைன் தண்டுகள் வரை அந்த உதை போகும். சேர்ந்த உடனே தடத்தை நிரப்பிவிடவும் முடியாது. இரண்டு பெரிய கிரிட்களை மெல்லிய நூலால் கட்டியதுபோல, ஒரு பக்கத்தில் பெரிய மின் உற்பத்தி யூனிட் திடீரென நின்றாலே மின்சாரம் இங்குமங்கும் ஊசலாடும். எனவே கூடுதல் தடங்கள் வரும்வரை குறைவாகத்தான் ஏற்றினார்கள்.

மாநிலம் புது நிலையங்களைத் தாமதித்ததும், வாரியத்தின் கடனும் உண்மைதான். ஆனால் ராய்ச்சூர் தடம் மூன்றாண்டு முன்பே வந்திருந்தால் 2012-ன் மின்வெட்டு இவ்வளவு நீண்டிருக்காது.

இன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டப் புகளூருக்கு 800 கிலோவோல்ட் டிசியில் 6,000 மெகாவாட் வரை வர முடிகிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நம் காற்றாலை மின்சாரம் மிஞ்சினால், அதே கம்பியில் வடக்கே திருப்பி அனுப்பவும் முடியும்.