‘வருடாந்தக் கொடுப்பனவு’: யாருக்கு யார் கொடுப்பது?

போன மாதம் வட்டக்கச்சியிலிருந்து ஒரு அம்மா என் மேசைக்கு வந்தார். கிளிநொச்சியில் கச்சேரிக்குக் கிட்ட இருந்து பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கலியாண எழுத்து என்று மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். அவர் மொழிபெயர்க்க ஒன்றும் கொண்டுவரவில்லை. தமிழிலேயே அச்சடித்த ஒரு கடிதம், வங்கிப் புத்தகம், அடையாள அட்டைக் கொப்பி, மூன்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார்.

“தம்பி, மகன்ர பேருக்குக் கொடுப்பனவு வந்திருக்கு. அவன் கொழும்பில வேலை. நான் போய்க் கையெழுத்து வைச்சாத் தருவினமோ? கிராமசேவகரிட்டயும் ஒரு கடிதம் எடுக்கவேணுமோ?”

வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் தடித்த எழுத்தில் ‘வருடாந்தக் கொடுப்பனவு’. அடியில் ஒப்பமிட்டவரின் பதவி ‘வருடாந்தக் கொடுப்பனவு அலுவலர்’. நடுவில் இரண்டு பக்கத்துக்கு நீண்ட வாக்கியங்கள். மகன் படித்த பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் அமைப்பு ஒன்று அவனிடம் காசு கேட்டு எழுதிய கடிதம் அது. அந்த அம்மாவோ காசு வாங்குவதற்காக பஸ் ஏறி வந்திருக்கிறார்.

அவர் வாசித்ததில் ஒரு பிழையும் இல்லை. நம் நாட்டில் கொடுப்பனவு என்ற சொல்லை எங்கெல்லாம் கேட்கிறோம்? முதியோர் கொடுப்பனவு, அஸ்வெசும கொடுப்பனவு, மகாபொலக் கொடுப்பனவு, போக்குவரத்துக் கொடுப்பனவு, மேலதிக நேரக் கொடுப்பனவு. எல்லாம் அலுவலகத்திலிருந்து ஆளுக்கு வருவது. கணக்காளருக்கும் அப்படித்தான்: பெறுவனவு ஒரு பக்கம், கொடுப்பனவு மறு பக்கம். தான் செலுத்தவேண்டிய காசை நிறுவனம் செலுத்துவதுதான் கொடுப்பனவு. கொள்வனவு, பெறுவனவு, கொடுப்பனவு மூன்றும் ஒரே அச்சில் வார்த்த சொற்கள், மூன்றும் தத்தம் இடத்தில் நன்றாகவே வேலை செய்கின்றன. இங்கே கொண்டுவந்து ஒட்டியதும் காசு ஓடும் திசையே தலைகீழாகிவிட்டது.

ஆங்கிலத்தில் இதை ‘அனுவல் கிவிங்’ என்பார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறியவர்கள் ஒவ்வொரு ஆண்டும், பெரும்பாலும் சிறு தொகையாக, தாமாக விரும்பித் தருவது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1890ஆம் ஆண்டிலேயே இதற்கென்று பழைய மாணவர் நிதியம் தொடங்கிவிட்டது. கட்டடம் எழுப்பவோ, ஒருவர் பெயரில் மூலதனமாகப் போட்டு வட்டியில் புலமைப்பரிசில் வழங்கவோ கேட்கும் பெருங்கொடை வேறு வகை. இது அந்த ஆண்டிலேயே வந்து அந்த ஆண்டிலேயே செலவாகிவிடும். எவ்வளவு சேர்ந்தது என்பதோடு எத்தனை பேர் தந்தார்கள் என்பதையும் எண்ணுவார்கள். பழைய மாணவரில் நூற்றுக்கு எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்பதை அமெரிக்கப் பல்கலைக்கழகத் தரவரிசை ஒன்று நெடுங்காலம் புள்ளியாகச் சேர்த்து வந்து, 2023இல்தான் கைவிட்டது.

பழைய மாணவரைக் குறிக்கும் ‘அலும்னஸ்’ லத்தீன் சொல். ஊட்டி வளர்த்தல் என்ற வினையிலிருந்து வந்தது, வளர்ப்புப் பிள்ளை என்று பொருள். ‘கிவிங்’ வெறும் கொடுத்தல். வரலாறு அவ்வளவுதான். சிக்கல் தமிழில்தான் இருக்கிறது, ஏனென்றால் கொடுப்பதற்கு நம்மிடம் ஒரு சொல் இல்லை, மூன்று இருக்கின்றன.

ஈ, தா, கொடு. கேட்கிறவர் தாழ்ந்தவரானால் ஈ, ஒத்தவரானால் தா, உயர்ந்தவரானால் கொடு என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பிரித்து வைத்திருக்கிறது. வன்னியில் இன்றைக்கு அந்த வேறுபாடு திசையாக மாறிவிட்டது. எனக்கென்றால் ‘தாங்கோ’, அவருக்கென்றால் ‘குடுங்கோ’. ‘எனக்குக் குடுங்கோ’ என்று இங்கே ஒருவரும் சொல்வதில்லை. கேட்டால் காதில் இடறும். ஆகவே கடிதம் கேட்கிறபோது ‘தாருங்கள்’ என்றுதான் கேட்கவேண்டும். பழைய மாணவர் பழைய மாணவரிடம் கேட்பது, இருவரும் ஒத்தவர். பெயர்ச்சொல்லையும் அதே தாவிலிருந்து எடுக்கலாமே என்றால் முடியாது. தரவைக் கணினிக்காரர் கொண்டுபோய்விட்டார்கள். ஈகை என்றால் இல்லாதவனுக்குக் கொடுப்பது. பல்கலைக்கழகம் வறியவனா? ஆக, மிஞ்சுவது கொடை. நட நடையாவது போல, விடு விடையாவது போல, கொடு கொடையாகிறது. கொடு என்ற வினை உயர்ந்தவர் கூற்று என்று யாராவது சண்டைக்கு வரலாம். அது கேட்கும் வினைக்குச் சொன்ன விதி. கொடை என்ற பெயர் வள்ளல்களோடு வழங்கி வந்த பெயர், அதில் கட்டளையின் வாடை துளியும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் அம்மன் கோயில்களில் ஆண்டுதோறும் எடுக்கும் விழாவுக்கே கொடை என்றுதான் பெயர்.

எனவே, ஆண்டுக்கொடை.

இனி மற்றச் சொற்களைப் பார்ப்போம். ‘வருடாந்த’வோடு எனக்குப் பெரிய பகை இல்லை. அந்தம் என்றால் முடிவு என்று தெரிந்தும் வருடாந்த உற்சவத்தை ஒருவரும் ஆண்டு முடிவில் தேடுவதில்லை. ஆனால் ஆண்டு என்ற மூன்றெழுத்துத் தமிழ்ச் சொல் வாசலில் நிற்கும்போது ஐந்தெழுத்தை ஏன் தூக்கிச் சுமக்கவேண்டும்? ‘வருடாந்த வழங்கல்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வழங்கல் என்றதும் நமக்கு நீர் வழங்கல் சபைதான் நினைவுக்கு வரும். ‘வருடாந்தச் சந்தா’ அதைவிடப் பிழை. சந்தா கட்டினால்தான் சங்கத்தில் உறுப்புரிமையும் வாக்கும், கட்டாவிட்டால் நிலுவை. கொடைக்கு நிலுவை கிடையாது. இந்த ஆண்டு தராதவர் கடன்காரர் ஆகிவிடமாட்டார். அந்த இரண்டையும் கலந்தால் காசு கட்டாத மனிதர் வெட்கப்பட்டு ஒன்றுகூடலுக்கே வராமல் விடுவார். நான் கண்டிருக்கிறேன்.

அன்பளிப்பு நல்ல சொல். ஆனால் அதற்கு ஒரு பொருள் வேண்டும். பாடசாலை இரும்பு அலுமாரியின் கதவில் வெள்ளைப் பெயின்றால் ‘அன்பளிப்பு’ என்று எழுதி, கீழே பெயர், கீழே இன்னாரின் ஞாபகார்த்தமாக என்று இருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் பெயர் தெரியும். ஆண்டுக்கொடை ஆய்வுகூட இரசாயனமாகவும், களப்பயணத்துக்குப் பிடித்த பஸ்ஸின் டீசலாகவும் போய்விடும். எதில் பெயர் எழுதுவது?

நன்கொடைதான் இருப்பதில் கிட்டிய சொல், பலர் அதையே எழுதுகிறார்கள். நான் தடுக்கமாட்டேன். ஆனாலும் அந்தச் சொல்லை நாமே கெடுத்துவிட்டோம். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கப் போகிற பெற்றோரிடமும், தமிழ்நாட்டில் கல்லூரி இடத்துக்கு நிற்பவரிடமும் நன்கொடை என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். கட்டாய நன்கொடை என்று ஒரு தொடரே உண்டாகிவிட்ட பிறகு, முன்னால் நிற்கிற ‘நன்’னுக்கு என்ன மதிப்பு? வெறும் கொடை இன்னும் சுத்தமாக இருக்கிறது.

எங்களூர்ச் சொல் ஒன்றை விட்டுவிட்டு எழுதினால் மனம் ஆறாது. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கல் பாக்குத்தெண்டலோடுதான் தொடங்கும். தெண்டல் என்பது தண்டல்தான். வரி தண்டினான் என்று பழைய எழுத்தில் வரும் அதே வினை, திரட்டுதல் என்ற பொருள். ஆண்டுதோறும் வருவது, அம்மன் பெயரால் நடப்பது, வன்னிக்கே உரியது. என் நண்பர் ஒருவர், தமிழில் வடசொல் கலந்தால் சாப்பாடு இறங்காதவர், ‘கொடை தண்டுநர்’ என்றே எழுதவேண்டும் என்று நிற்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் கோயிலுக்கு வெளியே ‘தெண்டுறது’ என்றால் எங்கள் வாயில் பிச்சை எடுப்பது. ‘தெண்டித் திங்கிறான்’ என்று ஏசுவோம். கடல் தாண்டினால் தண்டல் என்றால் நாள்வட்டிக்காரன் வசூல். அந்தச் சொல்லை ஒரு இளம்பிள்ளையின் பதவிப் பெயராகக் கழுத்தில் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

இளம்பிள்ளை என்று நான் சொல்வது என் பெறாமகளை. கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதே வேலைதான் செய்கிறாள். மாலையில் மாணவர்கள் வரிசையாக இருந்து பழைய மாணவருக்குத் தொலைபேசி எடுப்பார்கள், அவர்களைப் பழக்குவது அவள். எடுத்தவுடன் காசு கேட்கக்கூடாது, முதலில் போன ஆண்டு தந்ததற்கு நன்றி, பிறகு நீங்கள் படித்த காலத்தில் எப்படி, அதன் பிறகுதான் கேள்வி என்று சொல்லிக்கொடுப்பாளாம். பரந்தனில் அண்ணியிடம் “மகள் என்ன வேலை?” என்று யாராவது கேட்டால், “யூனிவேர்சிற்றியில காசு சேர்க்கிற வேலை” என்பார். கேட்டவர் காசாளர் என்று நினைத்துக்கொள்வார், சிலர் சீட்டுப் பிடிக்கிறாள் என்றுகூட. ஆங்கிலத்தில் ‘ஃபண்ட்ரெய்சர்’. இதை ‘நிதி உயர்த்துநர்’ என்று எழுதிய ஒரு மொழிபெயர்ப்பை நான் கண்ணால் கண்டேன். ‘ரெய்ஸ்’ என்றால் உயர்த்துதல் என்று அகராதியில் முதலாவதாக இருந்திருக்கும். நிதியை யாராவது தலைக்கு மேலே தூக்குவார்களா? திரட்டுதல் என்ற அருமையான வினை நம்மிடம் இருக்கிறது. வெண்ணெய் திரளும், மேகம் திரளும், ஊர் திரளும். சிறியதெல்லாம் சேர்ந்து ஒன்றாவது திரள்வது. அவள் ஆண்டுக்கொடை திரட்டுநர். சேகரிப்பாளர் என்றால் முத்திரை சேகரிப்பவரும் அதுவே.

இந்த வேலையில் ‘லாப்ஸ்டு’ என்று ஒரு வகை கொடையாளர் உண்டு, முன்பு தந்து பின்பு விட்டவர்கள். அமெரிக்காவில் இவர்களைப் ‘போன ஆண்டு தந்தும் இந்த ஆண்டு தராதவர்’, ‘ஏதோ ஓர் ஆண்டு தந்தும் இந்த ஆண்டு தராதவர்’ என்று இரண்டாகப் பிரித்து, ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘லைபண்ட்’, ‘சைபண்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தோடு வந்த படிவத்தில் இது ‘காலாவதியான நன்கொடையாளர்’ ஆகியிருந்தது. காலாவதியாவது மருந்துக் குளிசை. உயிரோடு கொழும்பில் வேலைக்குப் போய்வருகிற பிள்ளையை இப்படி எழுத எப்படிக் கை வந்தது? இடைவிட்டவர் என்றால் போதும். இடையில் விட்டவர் நாளைக்குத் திரும்பி வருவார், அந்தச் சொல்லிலேயே வாசல் திறந்திருக்கிறது.

‘முன்னாள் மாணவர்’ என்றும் எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டில் அது சரி. வன்னியில் முன்னாள் என்ற சொல்லுக்குப் பின்னால் ‘போராளி’ என்ற சொல் தானாக வந்து நிற்கும் என்று இங்கே 2009ஐக் கடந்துவந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எத்தனை படிவங்களில், எத்தனை விசாரணைகளில் அந்தச் சொல்லின் கீழே எங்கள் பிள்ளைகள் பெயர் எழுதினார்கள். பழைய மாணவர் சங்கம் என்று ஊருக்கு ஊர் பெயர்ப்பலகை இருக்கும்போது, அந்த முன்னாளை ஏன் இழுத்துவர வேண்டும்? பழைய மாணவர் என்பதே இருக்கட்டும்.

எனக்குள்ள பெரிய மனவருத்தம் இதுதான். எழுதுகிறவர்கள் ஆங்கிலத் தாளைப் பார்க்கிறார்கள், அகராதியைப் பார்க்கிறார்கள், கடிதத்தைப் பிரிக்கப்போகிறவரை நினைத்துப் பார்ப்பதில்லை. அச்சுக்குப் போகும் முன் ஒரே ஒரு ஆளிடம், தேத்தண்ணிக் கடையில் இருப்பவரிடமாவது, தலைப்பை மட்டும் காட்டி ‘இதில் யார் யாருக்குக் காசு கொடுக்கிறார்?’ என்று கேட்டிருந்தால் போதும். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. இங்கே படித்து வெளியேறுகிறவர்களிடம் இனி இப்படியான கடிதங்கள் நிறையவே போகும். சொல் இப்போதே சரியாக விழவேண்டும். ஒருமுறை படிவத்தில் ஏறிவிட்டால் பிறகு இறக்கவே முடியாது.

‘அன்ரெஸ்ற்றிக்ரட்’ என்பதைக் ‘கட்டுப்படுத்தப்படாத நிதி’ என்று அதே படிவத்தில் போட்டிருந்தார்கள். ஏதோ யானையை அவிழ்த்துவிட்டது போல. இன்ன வேலைக்கு என்று குறிக்காமல் தருவது பொதுக்கொடை. தந்தவருக்கு ஈடாக அவருடைய கம்பனியும் அதே தொகையைத் தந்தால் இணைக்கொடை. ஆண்டுக்கொடைக்கு வரும் காசு போய்ச்சேரும் இடம் ஆண்டு நிதியம்.

அந்த அம்மாவின் கடிதத்தில் தலைப்பை வெட்டி, மேலே பென்சிலால் ‘ஆண்டுக்கொடை: பழைய மாணவர் தருவது’ என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“அப்ப இது அவன்தான் போடவேணும்,” என்றார். வங்கிப் புத்தகத்தைப் பைக்குள் வைத்து, பையின் வாயை முறுக்கி முடிந்தார். “சரி. ஞாயிறு எடுப்பான், சொல்லுறன்.”